மழைநாளில் மூடாமல் விட்ட இணைப்புகள்

நெளுக்குளம், வவுனியா
9 ஒக்டோபர்

பிரதீபன்,

வெயில் நாளில் ஒழுங்காக நீர்மட்டம் சொல்லும் பெட்டிகள் மழை தொடங்கியதும் ஏன் ஒவ்வொன்றாக வாயடைத்துப் போகின்றன? மழை விட்ட பிறகும் ஏன் பேச மறுக்கின்றன? எனக்கு விடை தெரியாது. தெரியாது என்பதை எழுத்திலேயே தருகிறேன். உமக்கு அது பிடிக்கும்.

போனில் கதைத்தால் இருவரும் கத்துவோம் என்பதால்தான் எழுதுகிறேன். கம்பஸ் நாளிலிருந்தே அப்படித்தான். கடைசியாகக் கத்திப் பத்து மாதமாகிறது. நடந்ததை நீர் ஒரு விதமாகவும் நான் ஒரு விதமாகவும் ஊருக்குச் சொல்லி வருவதால், இருவராலும் மறுக்க முடியாதவற்றை மட்டும் இங்கே வைக்கிறேன்.

இரணைமடுவுக்கு அப்பால் ஆறு சிறு குளங்கள். அவற்றின் நீரில் வயல் செய்யும் கமக்காரரின் சம்மேளனம் நம்மிடம் உதவி கேட்டது. ஒவ்வொரு குளக்கட்டிலும் ஒரு பெட்டி வைத்தோம்: உள்ளே சிறிய கணினி, ஒரு சிம், மேலே சூரியத் தகடு. பெட்டிக்குள் ஓடும் நிரலை விடுமுறையில் வந்திருந்தபோது நீர் எழுதினீர். அது அனுப்பும் எண்களை வாங்கும் சேர்வரையும் அவற்றைக் காட்டும் திரையையும் நான் செய்தேன். சென்ற மார்கழி மழையில் மருதங்கட்டுக்குளத்துப் பெட்டி நின்றுபோனது. காலையில் வந்த பதினாறு அடி என்ற எண்ணே பின்னேரம் வரை திரையில் நின்றது. அந்தக் குளம் பதினெட்டு அடியில் நிரம்பி வழிந்து வான் பாயும். வான் பாய்ந்து ஓடை பெருகியபோது சுடலைமுத்துவின் மாட்டுப்பட்டி ஓடைக்கு அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்தது. அவரும் மனைவி ராக்காயியும் இன்னும் இரண்டு அடி இருக்கிறது என்று நம்பி வீட்டில் இருந்தார்கள். பட்டியில் பாதி போய்விட்டது.

மறுநாள் சம்மேளனத்தில் வேலை செய்யும் நமது தயாபரன் மோட்டார் சைக்கிளில் போய்ப் பெட்டியின் மின்வயரைக் கழற்றித் திரும்பப் பூட்டினார். அந்த நிமிடமே அது பேசத் தொடங்கியது. ஆகவே பெட்டி நனையவில்லை, பழுதாகவும் இல்லை. ஆனாலும் பேசவில்லை.

இந்த வருடக் காலபோக நெல் விதைத்தாயிற்று. கார்த்திகையில் கூட்டம். தலைவர் யோகநாதன் ஐயா இப்போதே சொல்லிவிட்டார்: "பிள்ளை, வெயிலுக்கு மட்டும் கதைக்கிற பெட்டி எங்களுக்கு என்னத்துக்கு? வெயிலுக்குக் குளம் பெருகிறேல்லைத்தானே? கழட்டுவம்." கழற்றினால் ஓடைக்கரைக் குடும்பங்களுக்கு யாராவது குளக்கட்டுக்குப் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். மழையில் அந்தப் பாதையில் சேறும் யானையும்தான் போகும்.

அனுப்ப முடியாமற்போனால் உமது நிரல் என்ன செய்கிறது என்று சொல்லும்.

கமலாசனி


பேர்கன், நோர்வே
13 ஒக்டோபர்

மதிப்புக்குரிய கமலாசனி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது.

என் நிரல் என் மேசையில் மூன்று வாரம் நிற்காமல் ஓடியது. ஒரு எண்கூடத் தவறவில்லை. மழையைக் காரணம் சொல்கிறீர்கள். நான் வசிக்கும் ஊரில் குடையில்லாமல் குப்பை கொட்டவும் போக முடியாது என்பதை நினைவூட்டுகிறேன்.

பெட்டி பேசவில்லை என்கிறீர்கள். கேட்க வேண்டிய சேர்வர் காது கொடுத்ததா என்று பார்த்தீர்களா? ஆறு பெட்டிகளும் ஒன்றாகத் தட்டினால் அது திணறுகிறது என்று அப்போதே சொன்னேன்.

இன்னொன்று. காலையில் வந்த பதினாறு அடியைப் பின்னேரத்தில் புத்தம்புதிய எண்போலக் காட்டியது யாருடைய திரை? அது எப்போது வந்த எண் என்று அந்தத் திரையில் ஓரிடத்திலும் இல்லை. பெட்டி ஊமையானது என் பிழை என்றே வைத்துக்கொள்வோம். ஊமைக்கு டப்பிங் கொடுத்தது யார்?

நான் இல்லாத கூட்டத்தில் என் பெயர் அடிபட்டதை என் தம்பி சொல்லித்தான் அறிந்தேன். சம்பளம் கேட்காமல், விடுமுறையில் பிள்ளைகளைக் கசூரினாக் கடற்கரைக்குக்கூடக் கூட்டிப் போகாமல் இருந்து எழுதிய நிரல் அது. நிரலின் பிரதியை இணைத்திருக்கிறேன். குறை கண்டுபிடிப்பதில் தங்களுக்குள்ள திறமை நான் அறிந்ததே.

இப்படிக்கு,
பிரதீபன்


நெளுக்குளம்
18 ஒக்டோபர்

பிரதீபன்,

இருபத்தெட்டு வருடப் பழக்கத்தில் முதல்முறையாக எனக்குத் 'தங்கள்' கிடைத்திருக்கிறது. நான் 'நீர்' என்றே எழுதுகிறேன். கோபம் தீர்ந்ததும் நீர் திரும்பி வருவதற்கு இடம் இருக்கட்டும்.

திரையைப் பற்றி நீர் சொன்னது சரி. இப்போது ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது வந்த நேரம் நிற்கிறது. அரை மணித்தியாலம் புதிய எண் வராவிட்டால் பழைய எண் மறைந்து 'செய்தி இல்லை' என்று சிவப்பில் வரும். ஒரு பின்னேர வேலை. டப்பிங் நிறுத்தப்பட்டது.

பேர்கன் மழையைப் பற்றி நீர் சொன்னது சரியில்லை. உமது மழை நனைக்கும், அவ்வளவுதான். எங்கள் மழை போன் டவரின் மின்சாரத்தை வெட்டும், சிக்னலை வரவிட்டுப் போகவிடும். உமது நிரலை நீர் நல்ல நாளில் மட்டுமே பார்த்திருக்கிறீர். கெட்ட நாளில் ஓடும் வரிகள் உமது மேசையில் ஒருநாளும் ஓடவேயில்லை.

ஆகவே ஒரு கெட்ட நாளைச் செய்தேன். உதிரியாக இருந்த பெட்டியை எங்கள் பெரிய பித்தளைப் பொங்கல் பானைக்குள் வைத்து, சிக்னல் புகாதபடி கோழி சுற்றும் அலுமினியத் தாளால் வாயை மூடி, மூடியைக் கொஞ்சம் திறப்பதும் மூடுவதுமாக ஒரு நாள் முழுக்க இருந்தேன். தங்கச்சி சுரேகா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, பானைக்க என்ன அவியுது?"

"பெட்டி."

"உப்புப் போட்டனீங்களோ?"

"பேசாமல் போ."

"பேசாததுக்குத்தானே அவிக்கிறியள்?"

அவள் சிரித்துக்கொண்டிருக்க நான் கண்டது இது. மூடி திறந்திருந்தால் பெட்டி ஒரு இணைப்பைத் திறக்கும், எண்ணை அனுப்பும், பதிலை வாங்கும், மூடும். மூடியைச் சாத்தினால் பதில் வராது. நிரல் கொஞ்சம் காத்திருந்துவிட்டு இன்னொரு இணைப்பைத் திறக்கும். முதல் இணைப்பை மூடாது. அதுவும் தோற்றால் மூன்றாவது. ஒவ்வொரு தோல்விக்கும் திறந்தபடி ஒன்று மிஞ்சுகிறது. ஒரு கணினி ஒரே நேரத்தில் எத்தனை திறந்து வைக்கலாம் என்பதற்கு எல்லை உண்டு. சில வினாடிக்கு ஒருமுறை முயல்வதால் பெட்டி அந்த எல்லையை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தொட்டுவிட்டது. பிறகு பானையிலிருந்து எடுத்து வேப்பமரத்தடியில் வைத்தேன். முழுச் சிக்னல். ஆனால் புதிய இணைப்புத் திறக்க இடமில்லை. மின்வயரைக் கழற்றிப் பூட்டினால் எல்லாம் அழிந்து மறுபடி பேசுகிறது. தயாபரன் செய்ததும் அதுதான்.

சேர்வர் அன்று முழுக்கச் சும்மாதான் இருந்தது.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. மூட மறந்தீர் என்றால் சரி, எவருக்கும் நடக்கும். நீர் மறக்கவில்லை. பதில் வராத இணைப்புகளைக் கவனமாக ஒரு பட்டியலில் சேர்த்து வைத்திருக்கிறீர். ஏன்?

கூட்டத்தில் நான் சொன்னது "பிழை பெட்டியில்" என்பது மட்டுமே. "பெட்டி ஆர் செய்தது?" என்று கேட்டவர் யோகநாதன் ஐயா. பொய் சொல்லியிருக்க வேண்டுமா?

கமலாசனி


பேர்கன்
24 ஒக்டோபர்

கமலா,

உமது கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். முதல் மூன்று தரமும் எங்கே பிழை பிடிக்கலாம் என்று பார்த்தேன். நாலாவது தரம் என் நிரலைப் பக்கத்தில் வைத்து வாசித்தேன்.

பட்டியலுக்கு நான் காரணம் சொல்கிறேன். சிரியாதீர்.

சண்டைக் காலத்தில் நாங்கள் வவுனியாவில் இருந்தபோது அண்ணா கனடாவிலிருந்து எடுக்கும் போனுக்காக ஞாயிறுகளில் கொமினிகேசன் கடைக்குப் போவோம். கதைத்துக்கொண்டிருக்கும்போதே லைன் செத்துவிடும். அம்மா ரிசீவரை வைக்கப் போனால் கடைக்காரர் கத்துவார்: "வையாதேங்கோ அம்மா, வையாதேங்கோ! வைச்சால் போச்சு. அப்படியே பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ, வரும்." அம்மா காதோடு வைத்தபடி நிற்பா. பின்னால் வரிசை முறுமுறுக்கும். சில வேளை உண்மையாகவே அண்ணாவின் குரல் திரும்ப வரும். கிடைத்த லைனை நானாக வைக்கக் கூடாது என்பது எனக்கு எப்போதோ ஊறிப்போன பழக்கம்.

வன்னிச் சிக்னலுக்கு நிரல் எழுதும்போதும் அதையே செய்தேன். பதில் வராவிட்டாலும் மூடாதே, பிந்தி வரலாம், பிடித்து வை. ஆனால் அடுத்த வரியில் அதே கை புதிய இணைப்பையும் திறக்கிறது. பிடித்து வைத்தவற்றைத் திரும்பிப் பார்க்கும் பகுதியைப் பிறகு எழுதலாம் என்று நினைத்தேன். விடுமுறை முடிந்துவிட்டது. பார்ப்பதற்கு ஆளில்லாத பட்டியல் அது.

பட்டியலைத் தூக்கிவிட்டேன். பதில் வராவிட்டால் பிழையைக் குறித்துவிட்டு மூடுகிறது. புதிய நிரல் இத்துடன். இனி ஒரு சொட்டும் ஒழுகாது. பந்தயம் பிடிக்கலாம்.

யோகநாதன் ஐயாவிடம் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. என்னிடம் முதலில் சொல்லியிருக்கலாம்.

பிரதீபன்


நெளுக்குளம்
30 ஒக்டோபர்

பிரதீபன்,

கடைசி வரி நியாயம். ஏற்றுக்கொள்கிறேன்.

தொலைபேசிக் கதை மனதில் நிற்கிறது. உமது அம்மாவை அந்தக் கடையில் நானும் கண்டிருக்கலாம். ஆனால் நல்ல காரணம் கெட்ட நிரலைத் திருத்தாது. பந்தயத்தில் நீர் தோற்றுவிட்டீர்.

புதிய நிரலைப் பானைக்குள் வைத்தேன். முன்பைவிட மிக மெதுவாக ஏறுகிறது. ஆனாலும் ஏறுகிறது. இரண்டு இடங்களில் ஒழுகுகிறது.

ஒன்று: ஆறு பெட்டிகளும் ஒன்றாகத் தட்டும்போது என் சேர்வர் 'இப்போது நேரமில்லை, பிறகு வா' என்று பதில் அனுப்பும். உமது நிரல் பதில் வராததைத்தான் தோல்வி என்று எண்ணுகிறது. இந்தப் பதிலைப் பார்த்ததும் முறைப்பாடு ஒன்றை எழுப்பிவிட்டு நேரே வெளியே போகிறது. மூடும் வரி வேறு பாதையில் இருக்கிறது. மறுத்தாலும் அது ஒரு பதில்தான். அந்த இணைப்பையும் மூட வேண்டும்.

இரண்டு: பிழையைக் குறித்துவிட்டு மூடுகிறது என்று பெருமையாக எழுதினீர். குறிப்பு எழுதும் சிறு மெமரி அட்டை நிரம்பியிருந்தால்? குறிப்பெழுதுவதே தோற்றுப்போகும், மூடும் வரிக்குக் கை எட்டாது. நிறையப் பிழை வரும் நாளில்தான் அட்டையும் நிரம்பும்.

ஒவ்வொரு தோல்விக்கும் ஒவ்வொரு மூடும் வரி எழுதினால் நாம் நினைக்காத தோல்வி ஒன்று எப்போதும் மிஞ்சும். எந்த வழியால் வெளியேறினாலும் கடந்துதான் போக வேண்டிய ஒரே இடத்தில் மூடுவதை வையும். வேறெதற்கும் முன்னதாக.

நேற்று ஓடைக்கரைக்குப் போயிருந்தேன். சுடலைமுத்து மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். மிஞ்சிய மாடுகளோடு இந்த வருடம் பங்கு தருவதாகச் சொல்லி வாரத்துக்கு எடுத்த பசுக்களும் நிற்கின்றன. அவையும் போனால் இவர்கள் இந்த மண்ணில் இன்னொரு முறை தொடங்க மாட்டார்கள். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குப் பயந்து ஓடி வந்து, பிறகு சண்டை முடிந்து செட்டிகுளம் முகாமிலிருந்து திரும்பி வந்து, இரண்டு தரம் தொடங்கியவர்கள்.

"பொட்டி சரியாயிருச்சா மிஸ்?" என்றார்.

"இன்னும் இல்லை."

"அப்ப எதுக்கு இவ்வளவு தூரம் வந்தீங்க?"

ராக்காயி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "நீ சும்மா இரு. போன வருசம் எல்லாம் சரின்னு சொல்லத்தான் எல்லாரும் வந்தாங்க. சரியில்லேன்னு சொல்ல இவங்க ஒருத்தர்தான் வந்திருக்காங்க. உள்ள வாங்க மிஸ், டீ ஊத்துறேன்."

டீயில் சீனி அதிகம். குடித்தேன்.

கமலாசனி


பேர்கன்
5 நவம்பர்

கமலா,

இரண்டு நாள் உம்மைத் திட்டினேன். பிறகு எழுதினேன். இணைத்திருக்கிறேன்.

இப்போது ஒரு இணைப்புத் திறக்கும் இடத்திலேயே அது மூடும் இடமும் இருக்கிறது. நடுவில் என்ன நடந்தாலும், பதில் வந்தாலும், வராவிட்டாலும், பாதியில் அறுந்தாலும், சேர்வர் ஏசினாலும், முதலில் மூடு, பிறகு மற்றது. குறிப்பு எழுதுவது அதற்கும் பிறகு. எழுத முடியாவிட்டால் எழுதாமல் போகட்டும். தோற்றதும் ஓடிப்போய்த் திரும்பத் தட்டாமல், ஒவ்வொரு தோல்விக்கும் காத்திருக்கும் நேரத்தை ஒரு நிமிடம் வரை கூட்டுகிறது.

உமது பானைக்குப் போட்டியாக நானும் ஒன்று செய்தேன். உலகத்திலேயே மோசமான ஒரு பொய்ச் சேர்வர். கூப்பிட்டால் பதில் சொல்லாது. சொன்னால் பாதியில் நிறுத்தும். 'பிறகு வா' என்று துரத்தும். வந்தால் ஏன் வந்தாய் என்று கேட்கும். அதற்கு யோகநாதன் என்று பெயர் வைத்திருக்கிறேன். ஐயாவிடம் மூச்சும் விடாதீர். நிரலை அதோடு இரண்டு நாள் இரவு பகலாக மோதவிட்டேன். திறந்திருந்த இணைப்பு ஒருபோதும் ஒன்றைத் தாண்டவில்லை.

இந்த முறை பந்தயம் பிடிக்கவில்லை. பானைக்குள் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லும்.

பிரதீபன்


நெளுக்குளம்
21 நவம்பர்

பிரதீபன்,

பானை தோற்றது. இரண்டு கிழமையாக மூடியைத் திறந்து மூடினேன். பெட்டி ஒன்றைத் திறக்கிறது, தோற்கிறது, மூடுகிறது, காத்திருக்கிறது. சிக்னல் வந்ததும் ஒன்றும் நடக்காததுபோல எண்ணை அனுப்புகிறது. அட்டையையும் வேண்டுமென்றே நிரப்பிப் பார்த்தேன். நிரலைப் பற்றி எனக்கு இப்போது சந்தேகம் இல்லை. இதை நான் எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறேன் என்று எண்ணிப் பாரும்.

தயாபரனும் நானும் ஆறு குளக்கட்டுக்கும் போய்ப் புதிய நிரலைப் போட்டுவிட்டோம். கூட்டமும் முடிந்தது. மூடாத இணைப்புகள், எல்லை, பானை எல்லாவற்றையும் விளக்கினேன். யோகநாதன் ஐயா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அப்ப பிள்ளை, கதவைத் திறந்தவன் சாத்தேல்லை. அவ்வளவுதானே?"

"ஓம் ஐயா."

"இதுக்கோ ஒரு வருசம்?"

"எந்தக் கதவு எண்டு தேடத்தான் ஐயா ஒரு வருசம்."

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். ஐயாவும் கொஞ்சம் சிரித்தார். "சரி, இந்த மழைக்கும் நிக்கட்டும். ஆனா பிள்ளை, இந்தமுறையும் வாயைப் பொத்தினால் நானே கோடாலியோட வருவன்" என்றார்.

நாளைக்குத் தாழமுக்கம், கடும் மழை வரும் என்று வானொலியில் சொல்கிறார்கள். மருதங்கட்டுக்குளம் இன்று பின்னேரம் பதினாறரை அடி. எண் எப்போது வந்தது என்று பக்கத்தில் நிற்கிறது. சுடலைமுத்துவின் மாடுகள் ஓடைக்கு அந்தப் பக்கம்தான். இந்தப் பக்கத்தில் புல் இல்லை, முழுவதும் வயல். திரையில் பதினேழரை வந்தால் சொல்வேன் என்று ராக்காயிக்குச் சொல்லியிருக்கிறேன். செய்தி இல்லை என்று வந்தாலும் சொல்வேன், அப்போது காத்திருக்காமல் மாட்டைக் கொண்டுவர வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன்.

இதை இப்போது அனுப்பவில்லை. நாளை என்ன நடந்தது என்பதையும் எழுதி அனுப்புகிறேன். நடவாத ஒன்றைப் பற்றி உமக்கு நம்பிக்கையூட்ட எனக்கு விருப்பமில்லை.


22 நவம்பர்

விடியற்காலையிலிருந்து மழை. சம்மேளன அலுவலகத்தில் திரைக்கு முன்னால் இருந்தேன். ஐயாவும் வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டார். கோடாலி கொண்டுவரவில்லை.

ஒன்பது மணிக்குப் பிறகு டவர் வருவதும் போவதுமாக இருந்தது. நாலு பெட்டிகள் சிவப்புக்குப் போயின, திரும்பி வந்தன, மறுபடி போயின. ஒவ்வொன்றும் தானாகவே வந்தது. ஒருவரும் போய் வயரைக் கழற்றவில்லை. எத்தனை இணைப்புத் திறந்திருக்கிறது என்பதையும் பெட்டிகள் இப்போது எண்ணோடு சேர்த்து அனுப்புகின்றன. பேசிய எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

மருதங்கட்டுக்குளத்துப் பெட்டி பத்தரைக்குச் சிவப்பானது. பதினேழு அடியில் போனது. ராக்காயிக்குப் போன் எடுத்தேன். கிடைக்கவில்லை. அந்தப் பக்கத்து டவர் முழுதாக விழுந்திருந்தது. தயாபரன் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டார். அவர் போய்ப் பாதி வழியில் இருக்கும்போது டவர் சில நிமிடத்துக்கு வந்தது. அந்தச் சிறு இடைவெளியில் பெட்டி பேசிவிட்டது: பதினேழு அடி எட்டு அங்குலம். ராக்காயியின் போனும் அடித்தது.

"ராக்காயி, பதினேழரை தாண்டிற்றுது. மாட்டைக் கொண்டு வாங்கோ."

"இந்தா கெளம்பிட்டோம் மிஸ். யோவ், எந்திரி! சோத்த அப்புறம் திங்கலாம்!"

அதோடு அறுந்தது. டவர் மறுபடி போய்விட்டது. நான் என் போனை வைத்தேன்.

இரண்டாவது முறை ராக்காயியின் குரல் கேட்டது தயாபரனின் போனில், வேறு கம்பனிச் சிக்னல் பிடிக்கும் மேட்டிலிருந்து. மாடுகள் எல்லாம் இந்தப் பக்கம் வந்து றோட்டில் நிற்கின்றன, கன்று ஒன்று தண்ணீரைக் கண்டு மறுத்ததால் சுடலைமுத்து அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார், இப்போது அவருக்கு இடுப்புப் பிடித்துவிட்டது, திட்டுகிறார் என்றார். பின்னால் அவர் திட்டுவதும் கேட்டது. இரண்டு மணிக்குப் பிறகு வான் பாயத் தொடங்கியது. மூன்றுக்கு ஓடையை எவராலும் கடக்க முடியாதிருந்தது.

ஒரு பெட்டி தோற்றது. கிழக்கே கடைசிக் குளத்தில் சூரியத் தகட்டின் மின்கலத்துக்குள் தண்ணீர் போய்விட்டது. அது நாள் முழுக்கச் 'செய்தி இல்லை' என்றே நின்றது. அது உண்மையாகவே செய்தியில்லாத பெட்டி. அந்தப் பக்கத்து ஆட்கள் காலையிலேயே மேட்டுக்குப் போய்விட்டார்கள்.

பின்னேரம் சம்மேளனக் குழு கூடியது. மதகை அடைத்துக்கொண்டு நின்ற ஆற்றுவாழைச் செடிகளை யார் வாருவது என்று ஒரு மணித்தியாலம் சண்டை பிடித்தார்கள். ஐயா இரண்டு தரம் மேசையில் அடித்தார். தயாபரன் தான் வார மாட்டேன் என்றார், பிறகு வாருகிறேன் என்றார். இருட்ட முன்னர் எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். பெட்டிகளைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை.

கமலாசனி